இருபத்துமூன்றாம் கேள்வி

அந்தப் படத்தைப் பார்த்ததும் செண்பகவல்லிக்கு முதலில் வந்தது பெருமைதான். இதை அவள் பின்னால் விசாரணையில்கூடச் சொல்லவில்லை. வெளியே சொல்லக்கூடிய விஷயமா அது?

மதுரையில் அவளுடைய ஆய்வகம். காலை பதினோரு மணி. மேசையில் டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது. கோவில்பட்டியில் குழந்தை மருத்துவராக இருக்கும் சாகுல் அமீது, அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஒரு படம் அனுப்பியிருந்தான். எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்தது. சாம்பல் நிறத்தில் நாலைந்து உருண்டைகள் தெரிந்தன. உற்றுப் பார்த்தால் அவை உருண்டைகள் இல்லை, இருபது முகம் வைத்த கூடுகள். ஒவ்வொரு முனையிலும் கொக்கி மாதிரி ஒரு முள். 'இது என்ன வைரஸ்னு எங்க யாருக்கும் பிடிபடல. இந்த விஷயத்துல நீதான் புலி. பார்த்துச் சொல்லு' என்று கீழே எழுதியிருந்தான்.

அது வைரஸ் இல்லை. வைரஸைப் பார்த்து அவள் செய்தது. தூக்கம், கல்யாணம், கண்பார்வை என்று பன்னிரண்டு வருஷத்தில் எதையெதையோ கொடுத்துச் செய்தது. பெற்றவளுக்குப் பிள்ளையின் முகம் தெரியாமல் போகுமா? எவ்வளவு லட்சணமாக நிற்கிறது என்றுதான் நினைத்தாள். அப்புறம்தான் படத்துக்கு மேலே இருந்த வரியைப் படித்தாள். 'ஆண் குழந்தை. பிறந்து பதினோரு நாள். கல்லீரல் கெட்டு நேற்று இறந்தது.'

கல்லீரல் புற்றுக்கான மருந்து அது. ஆய்வகத்தில் எல்லோரும் அதைக் 'கூடு' என்றே சொல்வார்கள். இதுவரை பதினோரு பேருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். பதினோரு பேரும் பிழைத்திருந்தார்கள். போன வருஷம் விருது கொடுத்தபோது ஒரு தொலைக்காட்சிக்காரர் மைக்கை நீட்ட, அவள் கொஞ்சம் மிதப்பாகவே பேசினாள். "ஊசி இல்லை, கத்தி இல்லை. வாயில் ஊற்றினால் போதும். மற்றதை உள்ளே போய் என் படை பார்த்துக்கொள்ளும்." அந்த 'என் படை' மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் கொட்டை எழுத்தில் வந்தது.

அவள் சாகுலைக் கூப்பிட்டாள்.

"ஒரே ஒரு குழந்தைதானா?"

மறுமுனையில் அவன் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

"நாலு போயிடுச்சு, செண்பகம். அஞ்சாவது உள்ள கிடக்கு. எல்லாம் மூணு மாசத்துக்குள்ள. நாலு தெரு சுத்தளவு."

தானாகப் பெருகும் எந்த மருந்துக்கும் ஒரு முறிவு மருந்து கைவசம் இருக்க வேண்டும் என்பது சட்டம். அவள் குளிர்பெட்டியில் ஆறு குப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டு காரில் ஏறினாள்.

சாகுலின் அறைக்கு வெளியே, கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஒன்பது நாள் ஆன பெண் குழந்தை மஞ்சள் பூத்துப் படுத்திருந்தது. செண்பகவல்லி தானே உள்ளே போய் அதன் குழாயில் முதல் குப்பியைச் செலுத்தினாள். வெளியே வந்து, சாகுல் கேட்பதற்கு முன் அவளே சொல்லத் தொடங்கினாள்.

"வயித்துல இருக்கும்போது கல்லீரல் செல்லுக்கு மேல ஒரு புரதம் இருக்கும். நாங்க அதைப் பிள்ளை முகம்னு சொல்வோம். பிறந்து ரெண்டு மூணு மாசத்துல உதிர்ந்துடும். பெரியவங்க உடம்புல அது கிடையவே கிடையாது."

"ஆனா புத்து வந்தா?"

"புத்து செல் மறுபடியும் அந்த முகத்தை மாட்டிக்கும். என் கூட்டுக்கு அந்த ஒரு முகம் மட்டும்தான் தெரியும். பார்த்தா உள்ள போகும், தன்னையே நூறு படி எடுக்கும், செல்லை உடைச்சிட்டு அடுத்ததைத் தேடும். அந்த முகம் எங்கேயும் இல்லைன்னா சும்மா கரைஞ்சு போயிடும். பெரியவங்களுக்கு இதைவிடப் பத்திரமான மருந்து இல்ல, சாகுல்."

"பெரியவங்களுக்கு."

"ஆமா." அவளால் அவனைப் பார்க்க முடியவில்லை. "அதனாலதான் கர்ப்பிணிகளைச் சேர்க்கல. பால் கொடுக்கிற அம்மாக்களைச் சேர்க்கல. முத்தம் கூடாது, எச்சில் தம்ளர் தனி, பிள்ளைக்குச் சோறு ஊட்டக் கூடாது. நாப்பது கேள்வி கேட்டுத்தான் ஒவ்வொருத்தரையும் எடுத்தோம். மூணு மாசம் எச்சிலைச் சோதிச்சோம். ஒண்ணுமே இல்ல."

"இந்தத் தாய்மார் யாரும் உன் நோயாளி இல்ல. பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர எதுவுமே கொடுக்கலைன்னு அஞ்சு பேரும் சத்தியம் பண்ணுதாங்க."

"நம்புறியா?"

"நம்பாம? எங்க நர்ஸுங்க போடுற கூப்பாட்டுக்கு ஒரு சொட்டுத் தண்ணி கொடுத்திருக்க மாட்டாங்க."

பதினோரு பேரில் கோவில்பட்டிக்காரர் ஒரே ஒருவர்தான். கொம்பையா. பஸ்ஸில் முப்பது வருஷம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய பெரிய ஆஸ்பத்திரிகளெல்லாம் இரண்டு மாதம் என்று நாள் குறித்து வீட்டுக்கு அனுப்பிய மனிதர். ஒன்றரை வருஷம் கழித்தும் சைக்கிளில் போய் மீன் வாங்கி வருகிறார். அவர் சிரிக்கிற படம் செண்பகவல்லியின் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. மருந்து நிறுவனத்தார் வரும்போதெல்லாம் அவள் அந்தப் படத்துக்குப் பக்கத்தில்தான் நின்று பேசுவாள்.

அவர் வீடு அந்த நாலு தெருவுக்கு நடுவில் இருந்தது.

"வாங்க டாக்டரம்மா! ஒரு போன் போட்டிருந்தா ரயிலடிக்கே வந்திருப்பேன்லா!" கொம்பையாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஏட்டி பாக்கியம், யாரு வந்திருக்காகன்னு பாரு. காபியப் போடு. கடலை மிட்டாய் எடு."

"ஒண்ணும் வேண்டாம், அண்ணாச்சி. சும்மா ரெண்டு கேள்வி. உங்க உடம்புப் புத்தகத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

ஆய்வகத்தில் கொடுத்த நோட்டு அது. தினமும் என்ன சாப்பிட்டார், எவ்வளவு எடை, காய்ச்சல் உண்டா என்று எழுத வேண்டும். மூன்று மாதத்துக்கு எழுதச் சொன்னதை அவர் ஒன்றரை வருஷமாக ஒரு நாள் விடாமல் எழுதியிருந்தார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினார்.

"பிள்ளைகளைத் தூக்குவீங்களா? முத்தம் கொடுப்பீங்களா?"

"அதான் கூடாதுன்னு சொல்லிட்டீகள்லா? மக வயித்துப் பேரனையே நான் முத்துனதில்ல. அவன் அழுவான். நானும் உள்ள போயி அழுதுக்கிடுவேன்." அவர் சிரித்தார். "அந்தா பாருங்க, என் தம்ளரு. சிவப்புப் பெயின்ட் அடிச்சு வச்சிருக்கேன். இந்த வீட்டுல ஒருத்தரும் தொட மாட்டாக."

"சோறு ஊட்டுறது?"

"ஒரு பருக்கை கிடையாது."

பொய் சொல்கிற முகம் இல்லை அது. சொன்னால் சொன்னபடி நடக்கிற முகம். செண்பகவல்லிக்கு ஒரு நிமிஷம் நிம்மதிகூட வந்தது. ஒருவேளை ஆய்வகக் கழிவிலிருந்து போயிருக்கலாம், தண்ணீரில் கலந்திருக்கலாம், வேறு யாராவது செய்த தப்பாக இருக்கலாம்.

அந்த நேரத்தில்தான் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. இருபத்தைந்து வயது இருக்கும், கசங்கிய சட்டையோடு ஒருவன் வாயெல்லாம் பல்லாக உள்ளே வந்தான்.

"மாமா, ஆம்பளப் புள்ள! காலையில ஆறேகாலுக்கு. கிளம்புங்க, நீங்க வந்து சேனை வச்ச பிறகுதான் பால் கொடுக்கணும்னு எங்க அம்மா ஒத்தக்கால்ல நிக்கா. நர்ஸம்மா சாப்பிடப் போற நேரமாப் பாத்துப் போயிருவோம்."

சேனை. பிறந்த பிள்ளையின் நாக்கில், தாய்ப்பாலுக்கும் முன்னால், சர்க்கரைத் தண்ணீரை விரலால் தொட்டு வைப்பது. யார் வைக்கிறார்களோ அவர்கள் குணமும் ஆயுசும் பிள்ளைக்கு ஒட்டும் என்பது அந்தப் பக்கத்து நம்பிக்கை. அதனால் நோய் நொடி இல்லாத, நல்லது கெட்டது தெரிந்த ஆளாகப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

"காசிராஜன். நம்ம கோமதி அக்கா மகன்" என்று அவனை அறிமுகப்படுத்திய கொம்பையா, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். "எமனையே பாதி வழியில விசிலடிச்சு இறக்கி விட்டவன்னு என்னைச் சொல்லுதாக, டாக்டரம்மா. அதனால என் கை ஆயுசுக் கையாம். ஊர்ல எந்த வீட்டுல புள்ள பிறந்தாலும் என்னத்தான் கூப்பிடுதாக. போன வருஷம் வச்ச புள்ளைக எல்லாம் இந்தா, தெருவுல ஓடுது." அவர் குரல் தாழ்ந்தது. "இந்த மூணு மாசமாத்தான் கை சரியில்ல. வச்சதுல நாலு நிக்கல. நான் வரலன்னுதான் சொன்னேன். இவுக கேக்கணும்லா."

பேசிக்கொண்டே நோட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டப் போனார். வலது ஆள்காட்டி விரல் தன்பாட்டுக்கு நாக்குக்குப் போய் நனைந்து வந்தது. முப்பது வருஷம் அப்படித்தான் டிக்கெட் கிழித்திருந்தார். அந்த விரல் அப்படிச் செய்கிறது என்பதே அவருக்குத் தெரியாது.

செண்பகவல்லி அந்த விரலையே பார்த்தாள். நனைந்த விரல், சர்க்கரைத் தண்ணீர், இன்னும் பிள்ளை முகம் உதிராத கல்லீரல். ஏழை எளியவர்களுக்கு ஊசிச் செலவு கூடாது என்று, வயிற்று அமிலத்தையும் தாண்டிப் போகிற மாதிரி அந்தக் கூட்டைச் செய்ததற்குத்தான் அவளுக்கு விருதே கொடுத்தார்கள்.

"அண்ணாச்சி, நீங்க போகக் கூடாது."

"என்னம்மா?"

"தம்பி, நீங்க ஆஸ்பத்திரிக்குப் போங்க. பிள்ளைக்குத் தாய்ப்பாலைக் கொடுக்கச் சொல்லுங்க. வேற யாரும் எதையும் வாயில வைக்கக் கூடாது." அவள் போட்ட சத்தத்தில் காசிராஜன் வாயை மூடிக்கொண்டு ஆட்டோவில் ஏறினான்.

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். நல்ல வார்த்தையாகத் தேடிப் பார்த்தாள், கிடைக்கவில்லை. அவர் மனைவி பாக்கியத்தாய் காபித் தட்டோடு அடுப்படி வாசலிலேயே நின்றுவிட்டாள். கடைசியில் கொம்பையா அந்த விரலை மட்டும் மடக்கி, மற்றக் கையால் பொத்திக்கொண்டார்.

"நாலு புள்ளைக்கும் சுடுகாடு வரைக்கும் போனேன், டாக்டரம்மா. ஒண்ண என் கையிலதான் தந்தாக, தூக்கிட்டுப் போக."

"அண்ணாச்சி, இப்ப முக்கியம், இந்த ஒரு மாசத்துல வேற யாருக்கு வச்சீங்க? சாகுல்கிட்ட ஒரு பொண்ணு இருக்கு. அதுக்குப் பிறகு?"

"தச்சுவேலை மாரியப்பன் புள்ளைக்கு. முந்தாநேத்து." எழுந்தவர் நின்றார். "டாக்டரம்மா, உங்க ஃபாரத்துல நாப்பது கேள்வி. நாப்பதுக்கும் உண்மையத்தான் சொன்னேன். சேனை வைப்பியாடேன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வைப்பேன்னு சொல்லியிருப்பேன்லா. விடச் சொல்லியிருந்தா விட்டிருப்பேன்லா. அத மட்டும் ஏன் கேக்கல?"

கேள்வி எழுதப்பட்டிருந்தது. அதுதான் கொடுமை.

அந்தப் படிவத்தில் முதலில் நாற்பத்தொரு கேள்விகள். நர்ஸ் மரியசெல்வி, விளாத்திகுளத்துக்காரி, ஆங்கிலக் கேள்விகளைத் தமிழாக்கும்போது இருபத்துமூன்றாவதாகத் தானே ஒன்றைச் சேர்த்தாள். 'பிறந்த குழந்தைகளுக்குச் சேனை வைப்பதுண்டா?' வடக்கே இருந்த ஒப்புதல் குழுவில் யாருக்கும் தமிழ் தெரியாது. தமிழ்ப் படிவத்தை இயந்திரம் மறுபடி ஆங்கிலமாக்கித்தான் அவர்கள் பார்வைக்கு வைக்கும். இயந்திரத்துக்குத் தெரிந்த சேனை ஒன்றுதான். 'குழந்தைகளுக்காக நீங்கள் படை வைத்திருக்கிறீர்களா?' என்று வந்தது.

குழுத் தலைவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். தமிழ்நாட்டில் நோயாளிகள் எல்லாம் ராணுவம் வைத்திருக்கிறார்களா, டாக்டர்? மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். அவளுக்கும் பிறந்த அன்றைக்கு அத்தைதான் சேனை வைத்தாள். அந்த அத்தையின் பிடிவாதம்தான் உனக்கு என்று வீட்டில் இன்றைக்கும் சொல்வார்கள். ஆனால் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால், எங்கள் ஊரில் பிள்ளை வாயில் விரலை வைப்போம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். பச்சைப் பேனாவால் அந்தக் கேள்வியை அடித்தாள். பிறகு மரியசெல்வி கேட்டபோது, "அதெல்லாம் இப்ப யாரு வைக்கிறாங்க, செல்வி?" என்றாள்.

"கேக்காம விட்டது என் தப்புதான், அண்ணாச்சி" என்று மட்டும் சொன்னாள். பாதி உண்மை. மீதியைச் சொல்ல அந்த இடத்தில் அவளுக்கு வாய் வரவில்லை.

மாரியப்பன் வீட்டில், மூன்றாம் நாள் பிள்ளை வயிறு நிறையப் பால் குடித்துவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டாவது குப்பியைக் கொடுத்தாள். கொம்பையா வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. குளிர்பெட்டியை வைத்துக்கொண்டு வேப்பமரத்தடியில் நின்றார். அவள் திரும்பி வந்ததும் கேட்டார்.

"இத நான் குடிச்சா என்ன ஆகும்?"

"உங்களுக்கு வேண்டாம், அண்ணாச்சி. மூணாம் மாசம் உங்க எச்சில்ல ஒண்ணும் இல்ல. இப்ப வருதுன்னா, உள்ள எங்கேயோ புத்து கொஞ்சம் தலை தூக்கியிருக்கு, கூடு அதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். கூட்டைக் கலைச்சா புத்து வளர்ந்துடும்."

"எத்தனை மாசத்துல?"

"நாலு. மிஞ்சிப்போனா அஞ்சு. நீங்க சேனை வைக்காம, பச்சைப் பிள்ளைக பக்கம் போகாம இருந்தாப் போதும். நூறு வயசு வரைக்கும் இருக்கலாம்."

"அது சரி" என்றார் கொம்பையா.

மதுரைக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது நாலு குப்பிகள் இருக்க வேண்டிய இடத்தில் மூன்று இருந்தன. உடனே போன் போட்டாள். மறுபடியும் கூடு கொடுத்துவிடலாம், காலையிலேயே வண்டி அனுப்புகிறேன் என்று கெஞ்சினாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"வேணாம்மா. சாகுல் டாக்டர்கிட்ட இருந்த பொம்பளப் புள்ளையும் சாயங்காலம் போயிருச்சு, தெரியுமா? அஞ்சு வீடு. பால் வாங்கப் போனாலும் அந்த வாசலுகளத் தாண்டித்தான் போகணும். இன்னொரு புள்ளைக்கு எம் மூச்சுக் காத்து பட்டுச்சுன்னாக்கூட என்னால தாங்க முடியாது. இது என்னோட போகட்டும்."

மாரியப்பன் பிள்ளை பிழைத்தது. மற்ற பத்து நோயாளிகளையும் அவள் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஒளிவுமறைவில்லாமல், அந்த வார்த்தையைச் சொல்லியே கேட்டாள். இரண்டு பேரைச் சேனை வைக்க அழைத்திருந்தார்கள், இன்னும் வைத்திருக்கவில்லை. நிறுத்தினாள். கொம்பையாவுக்கு நாலாம் மாதம் வயிறு உப்பியது. ஐந்தாம் மாதம், உடம்புப் புத்தகத்தில் அன்றைய எடையை எழுதி வைத்துவிட்டு இறந்து போனார்.

ஐந்து சாவுகளுக்காக ஆய்வகத்தை மூடிவிட்டு ஒப்புதல் குழு நடத்திய விசாரணை அறிக்கையின் நகல், அவர் இறந்த பதினாறாம் நாள் வந்தது. ஒன்றும் சுற்றி வளைக்கவில்லை. 'நோயாளி தமது வட்டாரப் பழக்கத்தைத் தெரிவிக்காமல் மறைத்ததே இறப்புகளுக்குக் காரணம். மருந்தின் வடிவமைப்பிலோ நடைமுறையிலோ குறை இல்லை.' கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். போட்டால் ஆய்வகம் திறக்கும், அடுத்த நூறு பேருக்கு மருந்து போகும். செத்தவர் வந்து மறுக்கப் போவதில்லை.

அவள் மூன்று நாள் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போட்டுவிடலாம் என்று இரண்டு முறை பேனாவைத் திறக்கவும் செய்தாள். சுவரில் கொம்பையா சிரித்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் கையெழுத்துப் போடாமல், உட்கார்ந்து தமிழில் இரண்டு பக்கம் எழுதினாள். ஒரு தடவை வெட்கப்பட்ட வார்த்தையை இந்தத் தடவை வேறொரு வார்த்தையால் மூட அவளுக்கு மனம் வரவில்லை. கொம்பையா எதையும் மறைக்கவில்லை. கடைசி மூன்று மாதத்தில் ஆறு பிள்ளைகளின் நாக்கில் சேனை வைத்தார். அது கேட்கப்பட வேண்டிய கேள்வி. அதை அடித்தவள் நான் என்று எழுதினாள். பச்சைக் கோடு தெரிகிற பழைய படிவத்தையும் சேர்த்து அனுப்பினாள்.

பதில் ஒரு வாரத்தில் வந்தது. வழக்கம்போல இயந்திரம்தான் அவர்களுக்காக அவளுடைய தமிழைப் படித்திருந்தது. அவர்கள் பதிலையும் அதுவே தமிழாக்கியிருந்தது.

'தங்கள் கடிதத்தின் இரண்டாம் பத்தி தெளிவாக இல்லை. ஆறு குழந்தைகளின் நாக்கில் ஒரு படை வைக்கப்பட்டதாகவும், அவர்களில் ஐந்து பேர் இறந்ததாகவும் மொழிபெயர்ப்பில் காண்கிறோம். அந்தப் படை யாருடையது என்பதைத் தெளிவுபடுத்தவும்.'

அவளுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது. அப்புறம் அந்த வரிகளை இன்னொரு முறை, விரலை வைத்து, மெதுவாகப் படித்தாள். இந்தத் தடவை திருத்துவதற்கு எதுவும் இல்லை.

பதில் எழுதும் கட்டத்தில் ஒரே ஒரு வார்த்தை அடித்தாள்.

'என்னுடையது.'